திரும்பக் கூப்பிட்ட வீடுகள்

எங்கள் வான் கதவில் எழுதியிருக்கிறது:
வைரமுத்தர் குடும்பம் – தண்ணி, கறண்ட், கக்கூசு.
கடைசிச் சொல்லை அழிப்போமா என்று
பெயின்ற் அடித்தவர் கேட்டார்.
அப்பா விடவில்லை.
"ஆக்கள் ராவில கூப்பிடுறதே அதுக்குத்தான்."

நான் போனுக்குப் பொறுப்பு.
கல்லடியில் தாங்கி வழியுது.
ஆரையம்பதியில் மோட்டர் காத்திழுக்குது.
நாவற்குடாவில் ஒரு சுவர்,
மழை நாளில் தொட்டால் கறண்ட் அடிக்குது.
முதல் நாலு பேராய் இருந்தோம்:
அப்பா, நான், தம்பி, தம்பியின் மோட்டர்சைக்கிள்.
இப்போது பதினொரு பேர்.

பதினொரு பேர் என்றால்
பதினொரு வீட்டுக் கவலை,
மூன்று சீட்டு, ஒரு பிள்ளைப்பேறு,
றிஸ்வியின் நோன்பு,
அன்ஸ்லி அங்கிளின் ஞாயிற்றுக்கிழமை.
டிலக்சனா ஏணி ஏற
அவள் வீட்டாரின் சம்மதம் கேட்டு
மூன்று தரம் போனேன்.
மூன்றாம் தரம்தான் தேத்தண்ணி வந்தது.

ஒரு சிவப்புக் கொப்பி இருக்கிறது.
முடித்த வேலை எதுவும் அதில் இல்லை,
திரும்பக் கூப்பிட்ட வீடுகள் மட்டும்.
வீடு, திகதி, பிழை, ஆர் செய்தது.
கடைசிக் கட்டத்தில் தம்பி
ஆறு மாதமாய் ஒரே சொல்லை எழுதினான்:
பொடியன்.
எந்தப் பொடியன் என்று கேட்டால்
முகட்டைப் பார்ப்பான்.

மார்கழியில், ஒரே கிழமையில்,
மூன்று வீட்டுச் சுவர் வியர்த்தது.
மூன்றாவது, ஒரு ரீச்சரின் மேல்மாடிக் குளியலறை.
புது மாபிளை உடைத்து
உள்ளே கைவிட்டார் அன்ஸ்லி அங்கிள்.
பைப் மூட்டு
தொப்பி கழருவதுபோல் கழன்று வந்தது.
மணந்து பார்த்தார்.
"இது கைப்பிழை இல்ல மகள். பசைப்பிழை."

பசை வாங்கியது நான்.
லொறிக்காரனிடம், பாதி விலைக்கு,
டின்னுக்கு இருநூறு மிச்சம் என்று
கணக்கில் அடிக்கோடு போட்டு எழுதியிருந்தேன்.
அந்த மிச்சத்தில்தான்
வானுக்கு இரண்டு டயர்.

விடிய எல்லோரும் வானடியில் நின்றார்கள்.
தூறல். கொப்பியை பொனற்றில் வைத்து விரித்தேன்.
அப்பா கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார்:
"நம்மட பேர எழுதாத புள்ள.
மறுகா ஆரு நம்மள மதிக்கிற?"
எழுதினேன்.
ஞானசௌந்தரி நீளமான பெயர்,
கட்டத்துக்குள் அடங்காமல்
பக்கத்துக் கட்டத்துக்கும் போனது.
ஒருவரும் பேசவில்லை.
டிலக்சனா மட்டும்
மையில் மழை படாமல் குடையை நகர்த்தினாள்.

அந்தப் பசை போன வீடுகள் இருபத்துமூன்று.
அவர்கள் கூப்பிட முதல் நாங்கள் கூப்பிட்டோம்.
ஒருவர் ஏசினார்.
ஒரு அம்மா பயந்துபோய்க் கேட்டார்,
"எங்கட சுவர் நல்லாத்தானே கிடக்கு,
ஏன் மனே உடைக்கப் போறீங்க?"
இரண்டாவது வானுக்குச் சேர்த்த காசு
பைப்பாய், மாபிளாய், சீமெந்தாய்
ஊரெல்லாம் போய் ஒட்டிக்கொண்டது.
அப்பா நாலு நாள் என்னோடு பேசவில்லை.
ஐந்தாம் நாள்
பழைய பசை டின்களை எண்ணி
மூட்டையாய்க் கட்டிவிட்டு
"பதினேழு" என்றார்.

தை பிறக்க முதல் ஒரு பின்னேரம்
தம்பி பேனை கேட்டான்.
கொப்பியைப் பின்னோக்கிப் புரட்டி
பொடியன்களை ஒவ்வொன்றாய் வெட்டி
பக்கத்தில் தன் பெயர் எழுதினான்.
ஆறில் நாலு.
"மற்ற ரெண்டும் உண்மையாவே பொடியன்தான்."
வயர் சுற்றிக்கொண்டிருந்த றிஸ்வி
நிமிராமலே சொன்னான்,
"ஓம் அக்கா, அதில ஒண்டு நான்."
மற்றது?
ஏணி பார்த்தார்கள், கால் பார்த்தார்கள்.
அந்தக் கட்டத்தை நான் தொடவில்லை.
இன்னும் அப்படியேதான் கிடக்கிறது.

போன் அடித்தது. ஏறாவூரில் ஒரு வீடு,
மெயின் சுவிட்ச் புகையுது.
"ஓஃப் பண்ணிட்டு வெளியில நில்லுங்க.
அரை மணித்தியாலத்தில டிலக்சனா வருவா."
"பொம்புளப் புள்ளையா?"
"ஓம். பேர எழுதி வைங்க.
என்ட பேரையும் எழுதுங்க, கொஞ்சம் நீளம்."